தோத்த கதைக்குத்தான் பாஷை வேணும்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வை. காலையிலேர்ந்து அது பொம்பளைக் குரல்ல பிரெஞ்சு பேசுது, நீ அதுக்குப் பதில் சொல்றே, கொட்டாயில கட்டியிருக்கிற மாடு மிரளுது. பாரிசுக்கு வேலைக்குப் போறே, சந்தோஷம். ஆபீசு பிரெஞ்சுக்கு வகுப்பு முடிச்சிட்டே, அதுவும் சந்தோஷம். சாயங்காலம் கப்பேயில நாலு பேரோட குந்திக்கிட்டு பந்தாட்டம், சைக்கிள் பந்தயம்னு பேசறதுக்கு இருநூறு வாக்கியம் மனப்பாடம் பண்றேன்னு சொன்னே பாரு, அங்கேதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

இருநூறா! பாகூர் ஏரிக்கரையில எருமை மேய்ச்சவன், 1964ல பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவாப் போய்ச் சேர்ந்தேன். பதினஞ்சு வருஷம் அவங்களோடவே தின்னு, அவங்களோடவே தூங்கி, பென்ஷனோட திரும்பி வந்தேன். விளையாட்டுப் பேச்சுக்கு நான் செலவு பண்ண வாக்கியம் ஏழெட்டு தேறினா அதிகம். இப்பவும் ஜூலை 14 வந்தா மெடலைக் குத்திக்கிட்டுப் புதுச்சேரிக்குப் போறேனே, அங்கே வர்ற வெள்ளைக்காரன் எவனும் என்னை விட்டு நகர மாட்டான். கெழவனுக்கு ஆட்டம் அத்துப்படின்னு நினைப்பு. சொக்காயில மெடல் தொங்குது, யார் கேட்கப் போறா?

எங்கே, உன் நோட்டைக் காட்டு. முதல் வாக்கியமே 'எஸ்-க வூஸ் அவே ரகார்தே ல மாச்?' தப்பு இல்லடா, இலக்கணம் சுத்தம். ஆனா நம்ம பாஷையில சொன்னா அது எப்படி இருக்கும் தெரியுமா? 'தாங்கள் நேற்றைய ஆட்டத்தைக் கண்டு களித்தீர்களா?' டீக்கடை பெஞ்சுல குந்தியிருக்கிறவன்கிட்ட இப்படிக் கேட்டுப் பாரு, டம்ளரை வச்சிட்டு எழுந்து போயிடுவான். பழகினவன்கிட்ட 'தா வ்யூ ல மாச்?' அவ்வளவுதான். 'மாட்ச் பாத்தியா?' நாம 'வந்துகொண்டிருக்கிறேன்'னு எழுதிட்டு 'வந்துட்டிருக்கேன்'னு பேசற மாதிரி, அவங்களும் எழுத்துல பாதியை முழுங்கிட்டுத்தான் பேசுவாங்க. 'இல்லை'ன்னு சொல்ல எழுத்துல முன்னாடி ஒரு சொல், பின்னாடி ஒரு சொல்னு ரெண்டு போடணும். வாயில பின்னாடி இருக்கிற 'பா' மட்டும்தான் வரும். 'சே பா பொஸீப்ல்!' அப்படின்னா 'நடக்கவே நடக்காது, இப்படியும் உண்டா!' இந்த ஒண்ணை நல்லாப் புடிச்சுக்கோ. இதுக்கு அங்கே தினம் வேலை இருக்கும்.

அடுத்தது கோல். அதுக்கு அவங்க வார்த்தை 'ப்யுத்'. எழுத்தைப் பாத்தா இங்கிலீஷ்ல 'ஆனா'ன்னு சொல்றோமே, அதேதான். பாத்து ஏமாறாதே. நாக்கை உள்ளே 'ஈ'ன்னு வச்சுக்கோ, உதட்டை மட்டும் வெளியே 'ஊ'ன்னு குவி. புதுசா மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு. ம், இன்னொரு தரம். பரவாயில்ல, மாடு திரும்பிப் பாக்கல. உதட்டைக் குவிக்க மறந்து 'பீத்'னு சொல்லிட்டேன்னு வை, அது கோல் இல்ல. அது ஆம்பளை வேட்டிக்குள்ள வச்சிருக்கிற சமாச்சாரம். முதல் வருஷம் அந்தத் தப்பை நான் ஒரு மைதானமே கேட்கிற மாதிரி, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டுப் பண்ணேன். அந்தக் கோலை யார் போட்டான், எந்தப் பக்கம் விழுந்துச்சு, இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கப்புறம் பாராக்குல என் பேரு தெரியாதவன் ஒருத்தன்கூட இல்ல. சிநேகிதம் புடிக்க அதுவும் ஒரு வழிதான், ஆனா நான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லாதே.

'அப்படியா தாத்தா'வா? கேளு இன்னும்.

பிரெஞ்சு இலக்கணத்துல 'நாம' எது, 'அவங்க' எதுன்னு வாத்தியார் சொல்லிக் குடுத்திருப்பார். விளையாட்டுல அது எப்படி மாறும்னு சொல்லியிருக்க மாட்டார். ஜெயிச்ச மறுநாள் 'ஓனா கன்யே', நாம ஜெயிச்சிட்டோம். தோத்த மறுநாள் 'இல்ஸோன் பெர்த்யு', அவனுங்க தோத்துட்டானுங்க. அதே பதினோரு பேர், அதே நீலச் சட்டை. நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுதாம்? ஏரி ரொம்பினா நம்ம ஏரி, கரை உடைஞ்சா பி.டபிள்யு.டி. ஏரி. இந்த 'நாம'வும் 'அவனுங்க'ளும் இடம் மாறாமப் பேசிட்டா, நீ பாதி பிரெஞ்சுக்காரன். தோத்த மறுநாள் போய் 'நாம தோத்துட்டோம்'னு நின்னேன்னு வை, செத்த வீட்டுக்குக் கடன் பத்திரத்தோட போனவன் மாதிரி பாப்பாங்க.

ஜெயிச்ச கதைக்கு ரொம்பப் பாஷை வேணாம். 1998 ஜூலை 12, சொந்த மண்ணுல உலகக் கோப்பை, பிரேசிலை 3-0ன்னு சாத்தினாங்க. ஸிதான் தலையாலயே ரெண்டு முட்டினான். இதைப் பேச மூணு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும், சிரிச்சிக்கிட்டே கிளாஸைத் தூக்கிடலாம். 2018லயும் அப்படித்தான், குரோஷியாவை 4-2. அதுவும் ஜூலை 14க்கு மறுநாள். கொண்டாட்டத்துக்கு வாய் தேவையில்ல, தொண்டை இருந்தா போதும்.

எண்ணறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. 2000ல ஐரோப்பாக் கோப்பை கடைசி ஆட்டம். இத்தாலி 1-0ன்னு முன்னாடி, ஆட்டம் முடியப் போவுது, 94ஆவது நிமிஷத்துல வில்தோர்னு ஒருத்தன் கோல் போட்டு சமன் பண்ணிட்டான். அப்புறம் 103ல த்ரெஸெகே போட்டுக் கோப்பையையே தூக்கிட்டாங்க. நீ அந்த 94ஐச் சொல்லணுமே! 'காத்ர-வான்-கத்தோர்ஸ்': நாலு இருபது, அதோட பதினாலு. நீ கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த கோல் விழுந்துடும். சிரிக்கிறியா? நம்ம தொண்ணூத்துல நூறு எங்கேர்ந்து வந்து குந்திச்சுன்னு என்னிக்காவது யோசிச்சியா? எண்பதுக்கு அப்புறம் வர்றதுக்கு நூறுல பேர் வச்சிருக்கோம், எண்ணூறுக்கு அப்புறம் வர்றதுக்கு ஆயிரத்துல பேர் வச்சிருக்கோம். அவங்களைப் பாத்துச் சிரிக்க நமக்கு ஒரு யோக்கியதையும் இல்ல. மனப்பாடம் பண்ணு.

தோத்த கதைக்குத்தான்டா பாஷை வேணும். குறை சொல்ல வாய் நிறையச் சொல்லு கேட்கும். அந்தச் சரக்கு அவங்ககிட்ட எக்கச்சக்கமா கிடக்கு. கோலுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வாய்ப்பைக் கோட்டை விடறவனை 'வான்தான்ஜே' பண்ணிட்டான்னு சொல்வாங்க. திராட்சை அறுவடைக்குத்தான் அந்தப் பேரு. நெல்லறுக்கப் போனவன் வரப்புப் புல்லை அறுத்துட்டு வந்த மாதிரின்னு நான் வச்சிக்கிட்டேன். ஆட்டத்துல இறக்காம உட்கார வச்சிட்டா 'சீரே ல பான்', பெஞ்சுக்குப் பாலிஷ் போடறான்னு அர்த்தம். பெஞ்சு தேய்க்கிறதுன்னு நாம சொல்றது அங்கேயும் அப்படியே இருக்கு பாரு. சோம்பேறித்தனத்துக்கு எல்லைக்கோடு கிடையாது. உசுரைக் குடுத்து ஆடறவன் 'மூயே ல மாயோ', சட்டையை நனைக்கிறான். மூட்டை மூட்டையாக் கோல் வாங்கிட்டுத் திரும்பினா 'வலீஸ்', பொட்டி. பொட்டியை நெரப்பிக் குடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்களாம்.

நல்லதா ரெண்டும் தெரிஞ்சிக்கோ, எப்பவும் எழவுப் பேச்சாவே இருந்தா உன்னையும் கூப்பிட மாட்டாங்க. எதிராளி காலுக்கு நடுவுல பந்தைத் தள்ளிட்டுப் போனா 'பெத்தி போன்', குட்டிப் பாலம். கோல் சட்டத்தோட மேல் மூலையில போய்ச் சொருகினா 'லூகார்ன்'. கூரை ஓட்டுக்கு நடுவுல வெளிச்சத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் வைப்பாங்களே, அது. பந்து அங்கே போனா, மூலையில இருந்த சிலந்தி வலையைத் தொடச்சிட்டான்னும் சொல்வாங்க. பந்தாட்டம் பாத்துக்கிட்டே வீட்டை ஒட்டடை அடிக்கிற ஜனங்க.

அம்பது வயசு தாண்டினவன் எதிர்ல குந்தியிருந்தா, மெதுவா ஒரே ஒரு ஊர்ப் பேரைச் சொல்லு. 'செவீய்'. ஸ்பெயின்ல இருக்கிற ஊரு. 1982 ஜூலை 8, உலகக் கோப்பை அரையிறுதி, எதிரி மேற்கு ஜெர்மனி. கூடுதல் நேரத்துல 3-1ன்னு முன்னாடி போனாங்க. அங்கேர்ந்து 3-3 ஆச்சு, பெனால்டியில 5-4ன்னு போச்சு. நடுவுல ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாகர் பாய்ஞ்சு வந்து பாத்திஸ்தோன்னு ஒருத்தனை இடிச்சான் பாரு, பல்லு கொட்டி, நினைவு தப்பி, ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. நடுவர் ஃபவுல்கூடக் குடுக்கல. அதை நினைச்சா உன் எதிர்ல குந்தியிருக்கிறவனுக்கு இப்பவும் பல்லு கூசும். நீ அந்தப் பேரைச் சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டா போதும். அவன் காபி ஆறும், அவன் பொண்டாட்டி போன் பண்ணுவா, அவன் பேசிக்கிட்டே இருப்பான். கடைசியா 'ஓன் சே ஃபே வொலே'ன்னு தலையை ஆட்டு: நம்மளைக் கொள்ளையடிச்சிட்டாங்க. இங்கே மட்டும் தோத்தாலும் 'நாம'தான். பறிகுடுத்த கதையில எல்லாருக்கும் பங்கு உண்டு.

ஜூலையில சைக்கிள். 'லு தூர்', பிரான்சைச் சுத்தி வர்ற பந்தயம். மூணு வாரம், 21 கட்டம், மலையும் காடும். டிக்கெட்டு கிடையாது, ரோட்டோரம் நாற்காலி போட்டுக் குந்திக்கலாம். சாமி தேருக்கு முன்னாடி மேளம் வர்ற மாதிரி, விளம்பர வண்டிங்க வரிசையா வரும், தொப்பியும் மிட்டாயும் வீசும். பெரிய மனுஷங்க எல்லாம் அதுக்குக் குனிஞ்சு பொறுக்குவாங்க. அப்புறம் சைக்கிள்காரங்க விர்ருன்னு ஒரு நிமிஷத்துல போயிடுவாங்க. மிச்ச நாள் பூரா பேச்சுதான், அதனாலதான் உனக்கு அந்தப் பந்தயத்தைச் சிபாரிசு பண்றேன்.

முதல்ல இருக்கிறவன் மஞ்சச் சட்டை, 'மாயோ ஜோன்'. அது சின்னப் பையனுக்கும் தெரியும். கடைசியில வர்றவனுக்கு என்ன பேரு தெரியுமா? 'லான்தெர்ன் ரூஜ்', சிவப்பு விளக்கு. ரயிலோட கடைசிப் பெட்டியில தொங்குமே, அது. கடைசி ஆளுக்குப் பேர் வச்சுக் கௌரவிக்கிற ஊர்லதான் நீ பொழைக்கப் போறே, பயப்படாதே. அவனாலயும் முடியலேன்னா பின்னால 'வுவாத்யூர் பலே' வரும், தொடப்பக்கட்டை வண்டி. கூட்டி அள்ளிக்கிட்டுப் போயிடும். திடீர்னு தெம்பு வடிஞ்சு போனவனைப் பச்சைப் பல்லு சூனியக்காரி புடிச்சிட்டாம்பாங்க. மிதிக்க மிதிக்க நகரலேன்னா 'ஷூக்ரூத்'துல மிதிக்கிறானாம். ஊறப்போட்ட முட்டைக்கோசுடா. நம்ம சேத்துல உழவு மாடு மாட்டின கதைதான், அவங்களுக்குச் சேறு பத்தல, கோசு போட்டிருக்காங்க.

ஒரு பேரு மட்டும் சாமி பேரு மாதிரி ஞாபகம் வச்சுக்கோ. ரெமோன் புலிதோர். பேருக்கு முன்னாடியே புலி இருக்குன்னு நான்கூட முதல்ல பயந்தேன். 1962லேர்ந்து 1976 வரைக்கும் 14 தரம் அந்தப் பந்தயத்துல ஓட்டினான். மூணு தரம் ரெண்டாவது, அஞ்சு தரம் மூணாவது. மஞ்சச் சட்டையை ஒரே ஒரு நாள்கூட உடம்புல போடல. நான் போய்ச் சேர்ந்த அந்த 1964ல 55 விநாடியில அங்கத்தீல்கிட்ட தோத்தான். அங்கத்தீல் அஞ்சு தரம் ஜெயிச்சவன், கெட்டிக்காரன், தலை கலையாத மனுஷன். ஜனங்களுக்கு யாரைப் புடிச்சுது? புலிதோரை. 'புபு'ன்னு செல்லப் பேர் வச்சுக் கூப்பிட்டாங்க. பாராக்குல ரேடியோவைச் சுத்தி நின்னவங்க அங்கத்தீல் ஜெயிச்சதுக்குக் கை தட்டினாங்க, புலிதோர் தோத்ததுக்கு அழுதாங்க. எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. நானும் அழுதேன். அன்னிக்கு ராத்திரிதான் முதல் முதலா எனக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் ஊத்தினாங்க.

அவங்க நாட்டு ஆம்பளை அந்தப் பந்தயத்தைக் கடைசியா ஜெயிச்சது 1985, இனோ. பாரிசு செம்மண் டென்னிஸ்ல ஒத்தை ஆட்டத்துல கடைசியா ஜெயிச்ச அவங்க ஆம்பளை நோவா, 1983. ஊரே கூடித் தேர் கட்டுது, உற்சவர் மட்டும் வருஷா வருஷம் வெளியூர்லேர்ந்து வர்றார். அந்த ஏக்கத்தைப் பேசத் தெரிஞ்சவனுக்கு அங்கே பேச்சுத்துணைக்குப் பஞ்சமே வராது. ஆனா எதிர்ல குந்தியிருக்கிறது பொம்பளையா இருந்தா இந்தப் புலம்பலை எடுக்காதே. பொம்பளைங்க தூரை 2025ல பொலின் ஃபெரான்-ப்ரேவோ ஜெயிச்சிட்டா. 'நாங்க ஜெயிக்கலியா?'ன்னு கேட்டா நீ பதில் சொல்ல இன்னொரு வகுப்புக்குப் போகணும்.

டென்னிஸ்னதும் ஞாபகம் வருது. 'ரொலான் காரோஸ்'னு அந்தப் பாரிசு மைதானத்துக்குப் பேரு. அவன் பெரிய ஆட்டக்காரன்னு எங்கேயாவது உளறி வைக்காதே. அவன் விமானம் ஓட்டினவன். 1913ல மத்தியதரைக் கடலைத் தாண்டிப் பறந்தான், 1918ல சண்டையில செத்தான். மேல பரப்பியிருக்கிறது செங்கல் பொடி. அங்கே 40-40 ஆயிட்டா நடுவர் 'எகாலித்தே'ம்பார். சமத்துவம். அவங்க மேரி, அதாவது நகராட்சிக் கட்டடத்து வாசல்ல பொறிச்சு வச்சிருக்கிற அதே வார்த்தை. அடுத்த பந்துலயே 'அவான்தாஜ்' ஒருத்தன் பக்கம் சாய்ஞ்சுடும். சமத்துவம் எத்தனை நேரம் நிக்கும்னு டென்னிஸ்காரன் தெளிவா வச்சிருக்கான்.

ஞாயித்துக்கிழமை வந்தா மரத்தடிக்குப் போ. அங்கே கெழவனுங்க இரும்புக் குண்டு உருட்டுவானுங்க, பெத்தாங். நம்ம புதுச்சேரியிலயே ஆடறவங்க உண்டு, போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பாத்துட்டுப் போ. ரெண்டு காலையும் சேர்த்து நட்டுக்கிட்டு வீசணும், அந்தப் பேருக்கே அதான் அர்த்தம். குறிக்கு ஒரு சின்ன மரக் குண்டு, அதுக்குப் பேரு 'கொஷொனே', பன்னிக்குட்டி. யார் குண்டு பன்னிக்குட்டிகிட்ட நிக்குதோ அவனுக்குப் புள்ளி, 13 எடுத்தவன் ஜெயிச்சான். கோலி ஆடின பயலுக்கு இதைச் சொல்லித் தரணுமா? ஒரே கேள்விதான் அங்கே: 'து தீர் ஊ து புவான்த்?' எதிராளி குண்டை அடிச்சுத் தள்ளப் போறியா, இல்ல கிட்டக்க உருட்டப் போறியா? ஆட வேணாம். முகவாயைச் சொறிஞ்சுக்கிட்டு இதை மட்டும் கேளு. நாலு கெழவனும் அடிக்கணும், உருட்டணும்னு அரை மணி நேரம் அடிச்சுக்குவானுங்க. நீ இலவசமாப் பாஷை கத்துக்கலாம். ஆடித்தான் தீருவேன்னு இறங்கி 13-0ன்னு தோத்துட்டேன்னா, 'ஃபானி'ன்னு ஒரு பொம்பளைப் பொம்மையோ படமோ கொண்டாருவாங்க, அதோட பின்பக்கத்துக்கு முத்தம் குடுக்கணும். பாட்டிகிட்ட சொல்ல மாட்டேன், குடுத்துடு.

ரெண்டு எச்சரிக்கை. 'து எ பூர் கி?'ன்னு கேட்பாங்க, நீ யார் கட்சின்னு. பாரிசுல இருக்கும்போது 2025ல பாரிஸ் கிளப்பு, கிளப்புங்களுக்கான ஐரோப்பாக் கோப்பையைத் தூக்கினதைப் பேசு. மார்செய் ஊருக்குப் போனா அவங்க 1993லயே தூக்கினதைப் பேசு, முதல்ல தூக்கினது நாங்கதான்னு இன்னிக்கும் நெஞ்சை நிமித்துவாங்க. ஒரே வாயை ரெண்டு ஊருக்கும் எடுத்துக்கிட்டுப் போகாதே. இன்னொண்ணு, மரியாதை. பழகாத ஆளுக்கு 'வூ', அதாவது நீங்க. அவங்களா 'ஓன் ச த்யுத்வா?'ன்னு கேட்கிற வரைக்கும் 'து'வுக்கு இறங்காதே. கோல் விழுந்த வேகத்துல கட்டிப்பிடிச்சு, தானா 'து' ஆயிடறதும் உண்டு. அது கணக்குல சேராது, மறுநாள் காலையில மறுபடி 'வூ'ன்னே ஆரம்பி.

கடைசியா, நான் பதினஞ்சு வருஷம் காலம் தள்ளின ரகசியம். ரெண்டே சொல்லு. ஒண்ணு 'போஃப்'. தோளைத் தூக்கி, உதட்டைப் பிதுக்கிச் சொல்லணும். எவன் நல்லா ஆடினான், எவன் ஆடலேன்னு உன்கிட்ட தீர்ப்புக் கேட்டா இதைச் சொல்லு. உனக்கு விஷயம் தெரியும், ஆனா சொல்ல மனசில்லேன்னு நினைச்சுக்குவாங்க. இன்னொண்ணு 'ஆ போன்?' அப்படியான்னு அர்த்தம். அதைச் சொல்லி, புருவத்தைத் தூக்கி, கொஞ்சம் முன்னால சாயணும். உள்ளதைச் சொல்றேன் கேட்டுக்கோ, நான் ஒரு ஆட்டம்கூட முழுசாப் பாத்ததில்ல. பாதியில தூங்கிடுவேன். மறுநாள் காலையில 'ஆ போன்?', 'ஆ போன்?'னே ஓட்டினேன். எனக்குச் சொல்லிச் சொல்லியே அவங்களுக்கு நான் பெரிய ரசிகன் ஆயிட்டேன். எனக்குத் தெரிஞ்ச வில்தோரும் புலிதோரும் செவீயும் எல்லாம் அப்படி அங்கேயும், பின்னாடி இங்கே ஜூலை 14லயும் காதுல விழுந்த சரக்குதான்.

என்ன முழிக்கிறே? நம்பலியா?

வந்து குந்தினதிலேர்ந்து நீ என்ன பேசினே, சொல்லு பாப்போம். 'அப்படியா தாத்தா', 'அப்படியா தாத்தா'. அதைத் தவிர ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரல. நான் பாரு, மாட்டுக்குத் தண்ணி காட்டல, வெத்தலை போடல, வெயில் திண்ணை ஏறிடுச்சு, இன்னும் பேசிக்கிட்டுக் கிடக்கேன்.

போடா, போய்ச் சேரு. அந்த இருநூறு வாக்கிய நோட்டை மட்டும் இங்கேயே வச்சிட்டுப் போ. கடைசி நாலு பக்கம் எழுதாம இருக்கு, பால் கணக்குப் போட உதவும்.